பத்து ஆட்டத்துக்கு எத்தனை நொடி?

பாடத்திட்டம் முடியவில்லை என்றால் முதலில் கைவைக்கப்படுவது விளையாட்டு பீரியட்தான். கணக்கு ஆசிரியர் கேட்பார், அறிவியல் ஆசிரியர் கேட்பார், தேர்வு நெருங்கிவிட்டால் கேட்காமலேயே எடுத்துக்கொள்வார்கள். இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: உடம்புக்கு நல்லது, மனசுக்கு நல்லது, விளையாடிவிட்டு வந்தால் வகுப்பில் கவனம் கூடும். எல்லாமே உண்மை. 1989இல் ஐ.நா. சபை ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு விளையாட்டை உரிமையாகவே சொல்கிறது. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2013இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை, தண்டனையாகவோ படிப்பைக் காரணம் காட்டியோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்றது. ஆனாலும் இந்த வாதங்களில் ஒரு குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. விளையாட்டு படிப்புக்குத் துணை செய்யும் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. மைதானத்துக்குள்ளேயே கணக்கும் இயற்பியலும் புவியியலும் மொழிப்பாடமும் நடந்துகொண்டிருப்பதை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. பறிபோகிற பீரியடில் என்னென்ன பாடம் பறிபோகிறது என்று தெரிந்தால், அதைக் கேட்கிற கணக்கு ஆசிரியரே கொஞ்சம் தயங்குவார்.

இதற்கு மறுகோடியில் இன்னொரு போக்கு இருக்கிறது. விளையாட்டு வழிக் கல்வி என்ற பெயரில் தரையில் வாய்ப்பாட்டை வண்ணத்தில் எழுதுவார்கள், பாண்டிக் கட்டங்களுக்குள் எழுத்துகளைப் போடுவார்கள், பந்தைப் பிடிக்கிற குழந்தை ஒரு நாட்டின் தலைநகரைச் சொல்ல வேண்டும் என்பார்கள். நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆனால் பந்துக்கும் தலைநகருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பந்தை எடுத்துவிட்டாலும் பாடம் அப்படியே இருக்கும். பாடத்தை எடுத்துவிட்டால் ஆட்டம் இன்னும் நன்றாகவே நடக்கும். இதையே ஒரு சோதனையாக வைத்துக்கொள்ளலாம்: பாடத்தைப் பிரித்து எடுத்தால் ஆட்டம் கெடுகிறதா? கெடுகிறது என்றால் அந்தப் பாடம் ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஜெயிக்கவோ, விழாமல் இருக்கவோ, ஏமாறாமல் இருக்கவோ குழந்தைக்கு அது தேவைப்படுகிறது. நாம் தேட வேண்டியது அந்த மாதிரி இடங்களை மட்டும்தான்.

யார் பிடிப்பது?

ஓடிப்பிடித்து விளையாடுவதற்கு முன்னால் யார் பிடிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். வட்டமாக நிற்கிறார்கள். ஒருவர் பாட்டுப் பாடியபடி ஒவ்வொருவராகச் சுட்டிக்கொண்டே போகிறார். கடைசித் தட்டு யார்மேல் விழுகிறதோ அவர் விலகிக்கொள்ளலாம். அடுத்தவரிலிருந்து மறுபடி பாட்டு. கடைசியில் மிஞ்சுகிறவர் பிடிக்க வேண்டும். உலகம் முழுக்கக் குழந்தைகள் இதைச் செய்கிறார்கள். பார்ப்பதற்குச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தெரியும். உண்மையில் இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே கிடையாது. பாட்டில் 20 தட்டு, நிற்பவர்கள் 6 பேர் என்றால், தொடங்குகிறவரை 1 என்று எண்ணி, முதலில் விலகுபவர் 2ஆம் ஆள். 20ஐ 6ஆல் வகுத்த மீதி. 7 பேர் இருந்தால் 6ஆம் ஆள். 5 பேர் என்றால் மீதி வராது. வட்டத்தின் கடைசி ஆள் விலகுவார். ஆறு பேரையும் முழுதாக ஓட்டிப் பார்த்தால் 2, 1, 6, 4, 3 என்ற வரிசையில் விலகி, 5ஆம் இடத்தில் நிற்பவர் மாட்டிக்கொள்வார். பாட்டும் ஆள் எண்ணிக்கையும் மாறாதவரை, எத்தனை தடவை பாடினாலும் அதே 5தான்.

எட்டு, ஒன்பது வயதில் இதை மோப்பம் பிடித்துவிடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் 'மீதி' என்ற சொல்லைப் பயன்படுத்துவதில்லை. பாட்டு தொடங்குவதற்குள் இடம் மாறி நின்றுகொள்கிறார்கள். அமெரிக்க நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் கென்னத் கோல்ட்ஸ்டைன் பிலடெல்ஃபியா நகரச் சிறுவர்களைக் கவனித்து 1971இல் எழுதிய கட்டுரையில் இந்தத் தந்திரங்களை வகைப்படுத்தியிருக்கிறார்: பாட்டின் கடைசியில் இன்னொரு அடியைச் சேர்த்துவிடுவது, வேறு பாட்டுக்குத் தாவுவது, சுட்டும்போது ஒருவரைத் தாண்டிப்போவது, வட்டத்தில் இடம் மாறுவது. இரண்டு தட்டு அதிகமானால் விரல் இரண்டு ஆள் தள்ளிப்போகும் என்று தெரிந்தால்தான் முதல் தந்திரம் பலிக்கும். வகுத்தலில் ஈவைவிட மீதி முக்கியமாகிற இடம் ஆரம்பப்பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அபூர்வம்; இங்கே மீதி ஒன்றுதான் வேலைக்கு ஆகும்.

இதை வகுப்புக்குக் கொண்டுவர ஆறு கூழாங்கல் போதும். வட்டமாக அடுக்கி, 20 தட்டுப் பாட்டை ஓட்டி, விலகும் வரிசையைக் குறித்துவைத்து, பிறகு கற்களை ஐந்தாக, ஏழாக மாற்றிப் பார்க்கலாம். பிசகு வருவது பெரும்பாலும் இரண்டு இடங்களில். ஒருவர் விலகியபின் எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் இருக்கும். அதை முன்பே பேசிக்கொள்ளாவிட்டால் விடை சேராது. இரண்டாவது, பாட்டில் எத்தனை தட்டு என்பது. எழுத்துக்கு ஒரு தட்டு கிடையாது, சில சமயம் சொல்லுக்கு ஒன்று என்றும் கிடையாது. நெடில் நீளும், ஒற்று முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு குறில் சேர்ந்து ஒரே தட்டில் அடங்கும். "நீ ரெண்டு தடவை சுட்டினே" என்று சண்டை வருகிற இடத்தை நிறுத்திக் கேட்டால் நேரசையும் நிரையசையும் அங்கே கிடக்கும். யாப்பிலக்கணத்தை எழுத்து எண்ணிப் பிரிப்பதாக மட்டுமே படித்த பிள்ளைக்கு, அது முதலில் காதின் கணக்கு என்பது இந்தச் சண்டையில் விளங்கும்.

ஊஞ்சலில் ஒரு கணிப்பு

மைதானத்தில் உள்ள கருவிகளில் ஒன்றே ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் ஊஞ்சலை வைத்துக்கொள்வேன். ஆடுகிற சுகம் ஒருபக்கம். கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் தப்பாகவே கணிக்கிற ஒரு கேள்வியை அது கேட்கிறது, சரியான விடையை ஐந்து நிமிடத்தில் அவர்கள் கையிலேயே கொடுத்தும்விடுகிறது.

கேள்வி இதுதான். 20 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை, 35 கிலோ எடையுள்ள ஒரு குழந்தை. ஒரே ஊஞ்சலில் மாறி மாறி உட்கார்ந்து, காலை ஆட்டாமல், யாரும் தள்ளாமல் பத்து ஆட்டம் ஆடினால் யாருக்குக் குறைவான நேரம் ஆகும்? கனமானவர் வேகமாக வருவார் என்று ஒரு கூட்டம் சொல்லும். கனமானவரை ஊஞ்சல் இழுக்கச் சிரமப்படும், அதனால் மெதுவாகத்தான் வருவார் என்று இன்னொரு கூட்டம் சொல்லும். இரண்டு பக்கமும் காரணம் வைத்திருப்பார்கள், விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இந்த வாக்குவாதத்தை அவசரப்பட்டு முடித்துவைக்கக் கூடாது. யார் எந்தப் பக்கம் என்று உறுதியாகட்டும்.

அளப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். மேல் கொக்கியிலிருந்து பலகை வரை 2.2 மீட்டர் சங்கிலி உள்ள ஊஞ்சல் என்று வைத்துக்கொள்வோம். பலகை நிற்கும் இடத்துக்கு நேராகத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். ஆட்டம் கோடியில் திரும்பும் இடத்தில் நேரம் பார்ப்பதைவிட நடுக்கோட்டைத் தாண்டும்போது பார்ப்பது துல்லியம். கோடியில் ஊஞ்சல் ஒரு கணம் தயங்கும், எப்போது திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியாது. நடுவில் வேகம் அதிகம், தாண்டிய கணம் பளிச்சென்று தெரியும். ஆனால் நடுக்கோட்டை ஒரு ஆட்டத்தில் இரண்டு தடவை தாண்டும். ஒரே திசையில் தாண்டுவதை மட்டும் எண்ணாவிட்டால் பத்து ஆட்டம் என்று நினைத்து ஐந்தைத்தான் அளந்திருப்பார்கள்.

எல்லா ஊரிலும், எல்லா வயதிலும் வருகிற தவறு இன்னொன்று. ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும்போதே "ஒண்ணு" என்று தொடங்குவது. அப்படித் தொடங்கினால் "பத்து" வரும்போது ஒன்பது ஆட்டம்தான் முடிந்திருக்கும். நேரம் பத்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். அழுத்தும்போது "பூஜ்யம்" என்று சொல்ல வேண்டும். பூஜ்யம் என்ற எண் எதற்கு என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விடை என்னிடம் இல்லை. வேலிக்கால்களை எண்ணுவதற்கும் கால்களுக்கு இடையிலான இடைவெளிகளை எண்ணுவதற்கும் உள்ள அதே வித்தியாசம். பெரிய சுவருக்கு 50 மீட்டர் தள்ளி நின்று கைதட்டி எதிரொலியை அளக்கும்போதும் இதே பிசகு வந்து நிற்கும். தட்டுக்கும் தட்டுக்கும் சரியாக நடுவில் எதிரொலி விழும்படி வேகத்தைச் சரிசெய்துகொண்டால், 20 இடைவெளிக்குச் சுமார் 12 நொடி ஆகும். அரை இடைவெளிக்குள் ஒலி சுவருக்குப் போய்த் திரும்பி 100 மீட்டர் கடக்கிறது; அது நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது என்பது அதிலிருந்து கிடைத்துவிடும். 20 தட்டை எண்ணிவிட்டு 20 இடைவெளி என்று நினைத்தால் ஒலியின் வேகம் இருபதில் ஒரு பங்கு கூடிப்போகும்.

ஊஞ்சலுக்கு வருவோம். முதல் குழந்தைக்குப் பத்து ஆட்டம் 28.5 நொடி என்று வருகிறது. இரண்டாவது குழந்தை உட்கார்கிறது. எடை ஏறக்குறைய இரண்டு மடங்கு. எல்லோரும் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். 28.3. முக்கியமான கணம் இதுதான். இரண்டு கட்சியும் தோற்றுவிட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் பேசுவார்கள். "டேய், நீ காலை ஆட்டினே!" "விடும்போது அவன் லேசாத் தள்ளிட்டான் மிஸ்!" "மறுபடி, மறுபடி!" பெரியவர்கள் வாயைத் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துவிடுவது இங்கேதான். "அலைவு நேரம் நிறையைச் சார்ந்ததல்ல, பார்த்தீர்களா?" என்று ஒருவர் சொல்லிவிட்டால் ஆட்டம் முடிந்தது, பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். சொல்லாமல் இருந்தால், காலை மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும், ஒரே உயரத்திலிருந்து விட வேண்டும், ஒரே ஆள் விட வேண்டும், ஒரே ஆள் எண்ண வேண்டும் என்று அவர்களே கட்டுப்பாடுகளைக் கொண்டுவருவார்கள். ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் மாறாமல் வைத்துக்கொள்வதுதான் சோதனை என்பது அறிவியல் பாடத்தின் முதல் அத்தியாயத்தில் இருக்கிறது. அதை யாரும் சொல்லித்தராமல், கோபத்திலேயே கண்டுபிடிக்கிறார்கள்.

மறுபடி அளந்தும் விடை மாறாது என்று ஆனபின், "அப்போ பெருசா ஆட்டினா?" என்ற கேள்வி தானாகவே வரும். அதிலும் ஏமாற்றம்தான். முழங்கால் உயரத்துக்கு ஆட்டினாலும் அதில் பாதிக்கு ஆட்டினாலும் நேரம் ஏறக்குறைய அதேதான். தூரம் கூடினால் வேகமும் கூடிவிடுகிறது. கலிலியோ 1602இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதற்காகத்தான் வாதாடினார். 1656இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஊசல் கடிகாரத்தை உருவாக்கியது இந்தக் குணத்தை நம்பித்தான். கலிலியோ நினைத்த அளவுக்கு அது துல்லியமானதல்ல. ஆட்டம் ஒருபக்கம் 60 பாகை வரை போனால் நேரம் சுமார் 7 சதவீதம் கூடும். முழங்கால் உயரத்துக்குள் வைத்துக்கொண்டால் அந்த வித்தியாசம் கைவிரலின் தடுமாற்றத்துக்குள்ளேயே மறைந்துவிடும். விழுந்து அடிபடும் ஆபத்தும் குறையும்.

எதை மாற்றினால்தான் நேரம் மாறும் என்று சலித்துப்போகிற நேரத்தில் யாராவது ஒருவர் "நின்னுக்கிட்டு ஆடலாமா?" என்று கேட்பார். பலகை அகலமாக, தரை மெத்தென்று, பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருந்தால், சின்ன ஆட்டமாக ஆடிப் பார்க்கலாம். பத்து ஆட்டம் சுமார் 25 நொடியில் முடிந்துவிடும். நின்றபோது உடம்பின் எடை மையம் அரை மீட்டர் அளவுக்கு மேலே போய்விட்டது. கொக்கியிலிருந்து அந்த மையம் வரைக்குமான நீளம் குறைந்ததால் நேரம் குறைந்தது. உட்கார்ந்து ஆடிய இரண்டு பேருக்கும் இடையிலிருந்த அந்தச் சின்ன வித்தியாசத்துக்கும் இதில் ஒரு விளக்கம் இருக்கலாம்: உயரமான குழந்தை உட்கார்ந்தாலும் எடை மையம் சற்று மேலேதான் இருக்கும். தனி ஊசல், அலைவு நேரம் என்ற சொற்களைச் சொல்ல இதுதான் நேரம். பெயர் வைப்பதற்கு இப்போது ஒரு பொருள் இருக்கிறது.

மூன்று குழுவாகப் பிரிந்து ஒரே ஊஞ்சலை அளந்தால் 28.1, 28.6, 31.4 என்று வரலாம். மூன்றாவது எண்ணை அடித்துவிட்டு மற்ற இரண்டுக்கும் சராசரி போடுகிற பழக்கம் பல வகுப்புகளில் உண்டு. அடிக்கக் கூடாது. 31.4ஐ 11ஆல் வகுத்துப் பாருங்கள், 2.85 வரும்; அந்தக் குழு பதினோரு ஆட்டம் எண்ணியிருக்கிறது. ஒத்துவராத எண்ணுக்குள் காரணம் இருக்கும் என்று ஒருமுறை பார்த்த குழந்தை, பிறகு விடையைத் திருத்தி எழுதத் தயங்கும்.

உடம்புக்குத் தெரியும், தாளில் வராது

சீசாவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது: விளையாடிய குழந்தைக்கு நெம்புகோல் தானாகவே புரிந்துவிடும் என்று. புரிவதில்லை. கனமான தோழன் எதிரே ஏறினால் அவனை உள்ளே தள்ளி உட்காரச் சொல்ல ஆறு வயதுக் குழந்தைக்குத் தெரியும். அதே குழந்தையிடம் தராசுப் படத்தைக் காட்டிக் கேட்டால் எடையை மட்டும் பார்த்து விடை சொல்லும், தூரத்தைக் கண்டுகொள்ளாது. இந்த வளர்ச்சிப் படிகளை உளவியலாளர் ராபர்ட் சீக்லர் 1976இல் வெளியிட்ட ஆய்வில் வரிசைப்படுத்திக் காட்டினார். ஐந்து வயதை ஒட்டிய பெரும்பாலான குழந்தைகள் எடையோடு நின்றுவிடுகிறார்கள். உடம்பு அறிந்ததைத் தாளுக்குக் கொண்டுவர ஒரு பாலம் தேவைப்படுகிறது. அந்தப் பாலத்தைக் கட்டுவதுதான் ஆசிரியர் வேலை. ஆட்டத்தை மட்டும் நம்பி அதை விட்டுவிட முடியாது.

பூங்காக்களில் உள்ள சீசாவில் இருக்கை நிலையாகப் பதித்திருக்கும், அடியில் ஸ்பிரிங் இருக்கும். தூரத்தை மாற்ற முடியாது, ஸ்பிரிங் எடை வித்தியாசத்தை மறைத்துவிடும். இந்தப் பாடத்துக்கு 3 மீட்டர் நீளமுள்ள, வளையாத கனமான பலகை ஒன்றும், அதைத் தாங்க 15 சென்டிமீட்டர் உயரத்தில் உருளாமல் பதித்த மரத்துண்டும் போதும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் 25 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டால் பக்கத்துக்கு ஆறு கோடு வரும். 20 கிலோ குழந்தை ஆறாவது கோட்டில். 30 கிலோ குழந்தை எந்தக் கோட்டில் உட்கார்ந்தால் சமமாகும்? "பத்து கிலோ கூட, அதனால ஒரு கோடு உள்ளே" என்பதுதான் முதலில் வரும் விடை. வித்தியாசத்தைக் கூட்டிக் கழித்துப் பார்க்கிற மனம் அது. ஐந்தாவது கோட்டில் உட்கார்ந்து பார்த்தால் பலகை சாயும், நான்காவதில் நிற்கும். 20ஐ 6ஆல் பெருக்கினாலும் 30ஐ 4ஆல் பெருக்கினாலும் 120. கூட்டலிலிருந்து பெருக்கலுக்குத் தாவுகிற இந்த இடம் விகிதக் கணக்கு முழுவதற்கும் வாசல். எட்டாம் வகுப்பிலும் இங்கே தடுக்கி விழுகிற பிள்ளைகள் உண்டு. பிறகு 60 கிலோ எடையுள்ள ஆசிரியரை இரண்டாவது கோட்டில் உட்காரவைத்து, 20 கிலோ குழந்தை ஆறாவது கோட்டிலிருந்து தூக்கட்டும். அந்தக் கணக்கை யாரும் மறக்க மாட்டார்கள்.

இதில் கெடுவது எங்கே என்றால், தாங்குகிற கட்டை அகலமாக இருந்தால் பலகை பொய்யாக நிற்கும். பத்து சென்டிமீட்டர் அகலக் கட்டையில் நான்காவது கோட்டிலும் நிற்கும், அதற்குச் சற்று முன்னும் பின்னும் நிற்கும். மேல்பக்கம் வளைவாக இருப்பது நல்லது. மிகக் குறுகலாக இருந்தாலோ சமமானபோதும் பலகை நிலைகொள்ளாமல் ஏதாவது ஒரு பக்கம் மெல்லச் சாயும். எந்தப் பக்கம் லேசாகத் தொட்டாலும் அந்தப் பக்கம் இறங்கினால் சமம் என்று ஒப்புக்கொள்ளலாம். கால் தரையைத் தொடக் கூடாது. பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் எடை மையம் பத்து சென்டிமீட்டர் வெளியே போய்விடும், கணக்குத் தப்பும். சாய்ந்து உட்கார்ந்து ஜெயிக்கிற பிள்ளைக்கு அது தெரியும். அதைச் சொல்லவைத்தால் போதும்.

சறுக்குமரத்தில் இந்த மாதிரி அளவுகள் எடுக்க முயல வேண்டாம் என்பது என் கருத்து. இறங்குவதற்கு ஒன்றரை நொடிதான் ஆகும். கைவிரல் தடுமாற்றமே கால் நொடி வரும். பருத்தித் துணிக்கும் வழுவழுப்பான துணிக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமென்றால், மணல் நிரப்பிய இரண்டு ஒரே அளவுப் பைகளை வெவ்வேறு துணியில் சுற்றி ஒரே கணத்தில் விட்டு, எது முந்துகிறது என்று பார்ப்பது மேல். வறண்ட நாளில் பிளாஸ்டிக் சறுக்குமரத்தில் இறங்கிய குழந்தையின் முடி சிலிர்த்து நிற்பது நிலைமின்சாரம். அதற்கு எந்த ஏற்பாடும் வேண்டாம். ஒரே ஒரு எச்சரிக்கை: காக்ளியர் இம்பிளான்ட் (அறுவை செய்து காதுக்குள் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்திய குழந்தை இருந்தால் வெளிக்கருவியைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் அதில் ஏற வேண்டும்.

நிழலும் மணலும்

ஒருவர் நிழலை ஒருவர் மிதித்து விளையாடும் ஆட்டத்துக்கு வெயிலும் தரையும் தவிர எதுவும் தேவையில்லை. 1.3 மீட்டர் உயரமுள்ள குழந்தையின் நிழல், சூரியன் அடிவானத்திலிருந்து 30 பாகை உயரத்தில் இருக்கும்போது 2.25 மீட்டர், 60 பாகைக்கு ஏறிவிட்டால் முக்கால் மீட்டர். காலையில் சுலபமாக இருந்த ஆட்டம் உச்சிவேளை நெருங்க நெருங்கக் கடினமாவது இதனால்தான். கொஞ்சம் ஆடிய பிள்ளைகள் இன்னொன்றையும் கண்டுகொள்கிறார்கள். சூரியனை நோக்கி ஓடினால் நிழல் பின்னால் நீண்டு, துரத்துகிறவர் காலடியில் போய் விழும். சூரியனுக்கு முதுகைக் காட்டி ஓடினால் நிழல் முன்னால் போகும். துரத்துகிறவர் நம்மையே தாண்டித்தான் அதை மிதிக்க முடியும். திசையறிவு இப்படிப் பிழைப்புக்காக வரும்போது மறப்பதில்லை. மரத்தின் உயரத்தை நிழலால் அளப்பது இதற்கு அடுத்த படி: ஒரு மீட்டர் குச்சியின் நிழல் 80 சென்டிமீட்டர், மரத்தின் நிழல் 4.8 மீட்டர் என்றால் மரம் 6 மீட்டர். இரண்டு நிழலையும் அடுத்தடுத்து உடனே அளக்க வேண்டும். குச்சி செங்குத்தாக நிற்க வேண்டும். தரை சரிவாக இருந்தால் விடை தப்பும். மர உச்சியின் நிழல் ஓரம் மங்கலாகத்தான் இருக்கும். சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமாக இருப்பதால் அப்படி. எங்கே முடிகிறது என்று பிள்ளைகள் சண்டை போட்டால், இரண்டு பேர் சொல்வதையும் குறித்து நடுவை எடுத்துக்கொள்ளலாம்.

மணலில் ஆறு விடுவதைப் பற்றி ஒரு விஷயம். காய்ந்த மணலில் தண்ணீர் ஊற்றினால் எல்லாம் உறிஞ்சப்பட்டு ஒன்றும் ஓடாது. முதலில் மணலை நனைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு மீட்டர் நீளத்துக்குச் சரிவு அமைத்து, ஒரே இடத்தில் மெல்லிய தாரையாக ஊற்றினால் மேலே அரிப்பதும், சரிவு தணிகிற இடத்தில் மணல் விசிறிபோலப் படிவதும் நன்றாகத் தெரியும். ஆனால் புத்தகத்தில் படம் போட்டிருக்கும் நெளிவுகள் வராது. வெறும் மணலில் கரை நிற்காது. வாய்க்கால் அகன்று, பல கிளையாகப் பிரிந்து பின்னிக்கொள்ளும். பாடம் பொய்யோ என்று பிள்ளைகள் கேட்பார்கள். கொஞ்சம் களிமண்ணைக் கலந்து மறுபடி ஊற்றச் சொல்லுங்கள். கரை இறுகும், வாய்க்கால் ஒரே கோடாக ஓடி மெல்ல வளையத் தொடங்கும். நதி ஏன் ஓரிடத்தில் நெளிகிறது, ஓரிடத்தில் பிரிந்து பரவுகிறது என்பதில் கரை மண்ணுக்கும் பங்கு உண்டு. வரைபடத்தை வெறித்துப் பார்த்தால் கிடைக்காத விஷயம் இது. கோட்டை கட்டுகிறவர்களுக்கும் ஈரம்தான் எல்லாம்: எட்டு வாளி மணலுக்கு ஒரு வாளி தண்ணீர் என்று தொடங்கி, கூடக் குறைத்துப் பார்க்கலாம். காய்ந்த மணல் 30 முதல் 35 பாகைக்கு மேல் குவியாது.

விதியை எழுதிப் பார்ப்பது

மொழிப்பாடத்தில் "உனக்குப் பிடித்த விளையாட்டு" என்று கட்டுரை எழுதச் சொல்வார்கள். எல்லாக் கட்டுரையும் ஒன்றுபோலவே இருக்கும். யாருக்காக எழுதுகிறோம் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதற்குப் பதிலாக, தங்கள் ஆட்டத்தின் விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி, அந்த ஆட்டம் தெரியாத வகுப்பிடம் கொடுத்து விளையாடச் சொல்லலாம். எழுதியவர்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. முதல் வரைவு இரண்டு நிமிடம் தாங்காது. "தொட்டால் அவுட்" என்று எழுதியிருப்பார்கள், சட்டையைத் தொட்டால்? எல்லைக்கோட்டின்மேல் ஒரு கால், வெளியே ஒரு கால் என்றால்? இரண்டு பேரை ஒரே நேரத்தில் தொட்டால்? தங்களுக்குள் பேசாமலேயே புரிந்துகொண்டவை எல்லாம் எழுத்தில் விடுபட்டிருப்பது வெளிச்சமாகும். இரண்டாவது வரைவில் "என்றால்", "தவிர", "வரை", "அதற்குள்" போன்ற சொற்கள் வந்து சேரும். மூன்றாவது வரைவில் வரிசை மாறும்: எல்லை எது, எத்தனை பேர், எப்படித் தொடங்குவது என்பவை முதலுக்கு வரும். சட்டம் எழுதுகிறவர்கள் படும் பாடு இதுதான். குடிமையியல் பாடத்துக்கு வேறு தனியாக ஆட்டம் தேட வேண்டியதில்லை.

உளவியலாளர் ழான் பியாஜே சுவிட்சர்லாந்துச் சிறுவர்களின் கோலி ஆட்டத்தைக் கவனித்து 1932இல் எழுதியபோது, சின்னக் குழந்தைகள் விதியைப் பெரியவர்களிடமிருந்து வந்த, மாற்ற முடியாத ஒன்றாக எண்ணுகிறார்கள் என்றும், பத்துப் பன்னிரண்டு வயதில்தான் அது ஆடுகிறவர்களின் ஒப்பந்தம் என்று உணர்கிறார்கள் என்றும் சொன்னார். நடுவே ஒரு பெரியவர் நடுவராக நின்றுகொண்டே இருந்தால் இந்த மாற்றத்துக்கு வழியே இல்லை. அடிபடாதவரை, ஒருவரையே எல்லோரும் ஒதுக்காதவரை, சண்டையை அவர்களே முடித்துக்கொள்ள விட வேண்டும். ஐந்து வயதுத் தம்பியைச் சேர்த்துக்கொள்ளும்போது "அவனுக்கு மட்டும் மூணு உயிர்" என்று அவர்களே தீர்மானிப்பார்கள். சமமாக நடத்துவதும் நியாயமாக நடத்துவதும் எப்போதும் ஒன்றாக இருக்காது என்று அறிந்த தீர்மானம் அது.

வேண்டிய பொருள் அதிகமில்லை. 1943இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனுக்குப் பக்கத்தில் எம்ட்ரப் என்ற இடத்தில், நிலத்தோற்றக் கலைஞர் சோரன்சன் வகுத்த திட்டப்படி பழைய பலகைகளும் பெட்டிகளும் கிடக்கும் ஒரு மைதானம் திறக்கப்பட்டது. குழந்தைகள் அங்கே தாங்களே கட்டி, தாங்களே பிரித்தார்கள். நகர்த்தக்கூடிய, மாற்றக்கூடிய பொருள்கள் எத்தனை வகையாக இருக்கின்றனவோ அந்த அளவுக்குக் கண்டுபிடிப்பும் இருக்கும் என்று சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதினார். நமக்கு வேண்டியவை இவ்வளவுதான்: ஆணி நீட்டிக்கொண்டிராத பலகைகள், டயர்கள், கயிறு, வாளிகள், ஒரு அளவு டேப், சுண்ணக்கட்டி, ஸ்டாப்வாட்ச். கயிற்றை மட்டும் ஆள் இல்லாதபோது எடுத்து வைத்துவிட வேண்டும்.

நாற்பது நிமிடம் கிடைத்தால் முதல் இருபத்தைந்தில் தலையிடவே வேண்டாம். பிறகு ஒரே ஒரு கேள்வி. அதுவும் அன்று ஆட்டத்தில் எழுந்ததாக இருந்தால் மட்டும். ஒன்றும் எழவில்லை என்றால் அன்றைக்குக் கேள்வி கிடையாது. கேட்டால், அளப்பதற்கு முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் கணிப்பைச் சின்னத் தாளில் எழுதி மடித்துவைக்கட்டும், பெயர் வேண்டாம். அதற்கு மதிப்பெண் போடக் கூடாது. போட்டால் அடுத்த முறை எல்லோரும் கெட்டிக்காரப் பையன் என்ன எழுதுகிறான் என்று எட்டிப் பார்த்துவிட்டு எழுதுவார்கள், 28.5க்குப் பிறகு 28.3 வரும்போது திகைப்பதற்கு அங்கே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.